கடலும் கடுதாசியும்

மாதத்தீட்டு இரண்டு கிழமை தள்ளிப்போன ஒருத்தி அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்துகிறதென்றும், தோள்மூட்டு உளைகிறதென்றும் சொன்னால், எங்கள் வேலணைத் தீவில் மூத்தோர் அதனை வாய்வென்று நிச்சயித்து ஓமத்தண்ணீர் காய்ச்சத் தொடங்குவர். வெடித்த பலோப்பியன் குழாயிலிருந்து கசிந்த இரத்தம் உதரவிதானத்தை உறுத்த, அந்நோவு தோளிலே தோன்றுகிறதென்பதை அவர்கள் எங்ஙனம் அறிவர்? நூறு கர்ப்பங்களில் ஒன்றோ இரண்டோ இவ்வாறு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் அக்குழாயிலே, தரித்துவிடுகின்றன.

1958இல் கிளாஸ்கோவிலிருந்து இயன் டொனால்ட் உலகுக்கு அறிவித்த கேளாவொலிப் படமே இன்று இதனைக் காட்டிக்கொடுக்கிறது. இருக்கவேண்டிய ஒன்று இல்லாதிருப்பதைக் காண்பதே இதன் சூட்சுமம். இரத்தத்திற் கர்ப்ப ஹோர்மோன் லீற்றருக்கு 1500, 2000 அலகைத் தாண்டியும், யோனிவழி ஸ்கானிற் கருப்பை வெறுமையாய்க் கிடக்குமாயின், வைத்தியரின் கண் சூலகத்தின் பக்கம் திரும்புகிறது. அங்கே வெண்மையானதொரு வளையமும், கருப்பையின் பின்குழியிற் கரிய திரவமும் தென்பட்டால் ஐயம் பெரிதும் தீர்ந்துவிடும். கருப்பைக்குள்ளேயே பொய்ப்பையொன்று தோன்றிக் கைதேர்ந்தாரையும் மயக்குவதுண்டு. ஹோர்மோன் அளவு குறைவாயிருப்பின், நாற்பத்தெட்டு மணித்தியாலங் கழித்து மீண்டும் இரத்தம் எடுத்துப் பார்த்தல்வேண்டும்.

கடலுக்கு அக்கரையில், இந்தியாவின் இராமேசுவரமும் தீவுதான். ஆயினும் 1988இல் திறந்த பாம்பன் சாலைப்பாலத்தின்மேல் வண்டியேறி இராமநாதபுரம் போய்ச் சேரலாம். அங்கே குறுக்கே நிற்பது கடுதாசி. பெண்சிசுவைக் கருவிலேயே அழிக்கும் பாதகத்தைத் தடுக்க 1994இல் இயற்றிய சட்டத்தின்படி, கர்ப்பிணிக்கு ஸ்கான் செய்யும்போதெல்லாம் 'எஃப்' படிவம் நிரப்பவேண்டும். அப்படிவம் அடுக்கும் காரணங்களில் முதலாவதாக நிற்பதே, கரு கருப்பைக்கு உள்ளேயா வெளியேயா என்றறிதல். சட்டம் இந்நோயை மறந்துவிடவில்லை. ஆனாற் பதிவுசெய்த இடத்துக்கே இயந்திரத்தைக் கட்டிப்போட்டு, கையிலெடுத்துச் செல்லும் சிறு கருவியையும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதன் நியாயத்தை நான் மறுக்கேன்.

இலங்கையில் அத்தகைய சட்டமில்லை. குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுப்படியேறி வந்து, கர்ப்பத்தை எட்டுக் கிழமைக்குள் பதிந்துவிடவே முயல்வார். இவ்விஷயத்தில் நாம் வெட்கப்பட ஏதுமில்லை. இங்கே குறுக்கே நிற்பது கடல். வேலணையாருக்கு யாழ்ப்பாணம் போகப் பண்ணைத் தாம்போதி இருக்கிறது. நயினாதீவாரும் நெடுந்தீவாருமோ முதலிற் படகேறிக் குறிகட்டுவான் துறைக்கு வரவேண்டும். நெடுந்தீவிலிருந்து அது ஏறத்தாழ ஒரு மணிநேரப் பயணம். இந்தியாவின் நன்கொடையாற் பிறந்து 2018இல் வடக்குக்கு வந்த, 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்சும் துறைமுனையில் நின்றுவிடுகிறது. சோளகக் காற்றுக் கிளம்பிய நாளிற் படகோட்டியும் வானத்தைத்தான் பார்ப்பார்.

ஆதலாற் பாம்பன்காரியை 'நாளை மறுநாள் வா' என்று பஸ் ஏற்றி அனுப்ப இயலுமாயினும், நெடுந்தீவுப் பெண்ணுக்கு முதல் ஸ்கான் எதுவும் நிச்சயமாய்ச் சொல்லாவிடின், அவளைப் படகேறவிடாமல் யாழ்ப்பாணத்து வாட்டிலேயே அந்த இரண்டு நாளும் மறித்துவைப்பதுதான் புத்தி.