சமையற்படமும் சமைத்த கையும்

மலேசியத் தமிழர் இருவர் காலைப்பொழுதில் எதிர்ப்பட்டால் முதற்கண் எழும் வினா, "பசியாறியாச்சா?" என்பதாகும். நலம் வினவும் சொல்லாகவே பசியாறுதலை ஆக்கிக்கொண்ட மக்கள் இவர்கள். இரப்பர்த் தோட்டத்து லயன் வீடுகளில் விடியுமுன் எழுந்து, விறகடுப்பு மூட்டி, பெரட்டுக்குச் செல்லுமுன் சோறும் குழம்பும் ஆக்கித் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு புறப்பட்ட தலைமுறையினரின் வழக்கு அது. அவ்வுணவை எவரும் படம் பிடித்திலர். இன்றோ, தட்டில் உணவு படைக்கப்பட்டதும் முதலிற் பசியாறுவது கைப்பேசியே.

வீட்டிற் சமைத்த உணவைப் படமெடுத்துப் பலரோடு பகிர்தலும், அதற்கெனவே குழுக்கள் அமைத்தலும் கடந்த சில ஆண்டுகளிற் பெருகியுள்ளன. இதனை வெறும் பகட்டென்று ஒதுக்குவாரும் உளர். புதுமை என்று போற்றுவாரும் உளர். இருசாராரும் படத்தை உற்று நோக்கினாரல்லர். சமையற்படம் எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது, அதனைச் சுற்றித் திரளும் கூட்டம் யாருக்குப் பயன்படுகிறது என்பன ஆராயத்தக்க வினாக்களாகும்.

தட்டு வழியே வந்த உறவு

தன் வீட்டு உணவைப் பிறர் காணச் செய்தல் புதிய பழக்கமன்று. தீபாவளி நாளில் முறுக்கும் அதிரசமும் நெய்யுருண்டையும் அடுக்கிய தட்டு, துணியால் மூடப்பெற்று, மலாய் அண்டைவீட்டுக்கும் சீன அண்டைவீட்டுக்கும் செல்லும். நோன்புப் பெருநாளில் அவ்வழியே கெத்துப்பாட்டும் ரெண்டாங்கும் வரும். சீனப் புத்தாண்டில் ஆரஞ்சுப் பழங்கள் வரும். வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பி அனுப்புதல் முறையன்று என்பது இல்லத்தரசியர் அறிந்த எழுதா விதி. கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லாத நாளில் ஒரு பிடி சீனியேனும் அதில் வைக்கப்படும்.

இவ்வழக்கில் இரண்டு கூறுகள் அடங்கியுள்ளன. சமைத்தவர் யாரென்பது பெறுபவருக்குத் தெரியும் என்பது ஒன்று. பெற்றவர் தம் பங்காக ஏதேனும் ஒன்றைத் திருப்பித் தருவார் என்பது மற்றொன்று. இவ்விரண்டுமே சமையற்படங்களை அளந்தறிவதற்கு உரிய கோல்களாம்.

இன்ஸ்டாகிராம் 2010ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பெற்ற பின்னர், உணவைப் படமெடுத்தல் உலகப் பழக்கமாயிற்று. எனினும், தொடக்கத்தில் அப்படங்களிற் பெரும்பாலன உணவகத்து உணவுகளே. வீட்டு அடுப்பின்பால் பலருடைய பார்வையைத் திருப்பியது கொள்ளைநோய்க் காலமே. மலேசியாவில் 2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரில் அவ்வாண்டு ஏப்ரல் 7 முதல் சூன் 1 வரை நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் நிலவியது. உணவகங்களில் அமர்ந்துண்ணல் நின்றது. அண்டைவீட்டுக்குத் தட்டு செல்லவும் வழியில்லை. தட்டு செல்ல இயலாத இடத்துக்குப் படம் சென்றது.

படம் காட்டுவதும் மறைப்பதும்

உணவு ஐம்புலனுக்கும் உரியது. படமோ கட்புலன் ஒன்றற்கே உரியது. தாளிப்பின் ஓசையும் பெருங்காயத்தின் மணமும் சூடும் சுவையும் படத்தில் இடம்பெறா. எனவே, கண்ணுக்கு இனியது வெல்லும். நாவுக்கு இனியது தோற்கும். ஏழடுக்கு வண்ணக் கேக்கு பெறும் பாராட்டை மிளகு ரசம் ஒருபோதும் பெறுவதில்லை. புளிக்குழம்பும் கருவாட்டுக் குழம்பும் கீரைக் கடையலும் படத்தில் ஒளியிழந்து நிற்கின்றன. ஆனால், காய்ச்சற்காரனுக்கு வேண்டுவது ரசமே. மழை நாளில் வீடு திரும்புவோன் தேடுவது கருவாட்டுக் குழம்பே. அழகாகத் தோன்றும் உணவே சிறந்த உணவு என்னும் எண்ணம் வேரூன்றுமாயின், அன்றாடச் சமையலின் பெரும்பகுதி மதிப்பிழந்து போகும்.

இத்தீங்கு விளம்பரத்திலிருந்து தொற்றியதாகும். விளம்பரப் படங்களிற் பாலுக்கு மாற்றாகப் பசையும், பாகுக்கு மாற்றாக இயந்திர எண்ணெயும் பயன்பட்ட செய்தி பலரும் அறிந்ததே. அமெரிக்காவில் 1960களின் இறுதியில், சூப்பிலுள்ள காய்கறிகள் மேலே தெரியும் பொருட்டுக் கிண்ணத்தின் அடியிற் கண்ணாடிக் கோலிகளை இட்டுப் படமெடுத்த விளம்பரம் ஒன்று, அந்நாட்டு வணிக ஆணையத்தின் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. வீட்டுச் சமையலைப் படமெடுப்போர் கோலிகளை இடுவதில்லை. ஆயினும், மேசையின் ஒரு மூலையைத் துடைத்து, எஞ்சிய முக்கால் மேசையின் குப்பையைப் படத்துக்கு வெளியே தள்ளும்போது அவர்களும் அவ்விளம்பரக்காரரின் மாணவராகிவிடுகின்றனர். கழுவாத பாத்திரமும் வியர்த்த முகமும் சுட்ட விரலும் படத்திற்கு வெளியே நிற்கின்றன. உணவு தானே தோன்றியது போலக் காட்சி தருகிறது.

ஓவியக்கலையிலும் இவ்விரு போக்குகளைக் காணலாம். பதினேழாம் நூற்றாண்டில் ஆலந்து நாட்டு ஓவியர்களாகிய பீட்டர் கிளாசும் வில்லம் ஹேடாவும் உணவு மேசைகளை வியக்கத்தக்க நுட்பத்துடன் தீட்டினர். தோல் சீவிய எலுமிச்சையும் சாய்ந்து கிடக்கும் கிண்ணமும் அங்கு உள, மனிதர் இலர். அந்நாட்டவரே ஆகிய வெர்மீர், ஏறத்தாழ 1660ஆம் ஆண்டளவில், பால் ஊற்றும் பணிப்பெண் ஒருத்தியைத் தீட்டினார். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள அவ்வோவியத்தில் ரொட்டியும் உண்டு, பாலும் உண்டு, ஆனால், காண்போரின் கண் நிலைப்பது கைச்சட்டையைச் சுருட்டிவிட்டுக் குடத்தைக் கருத்தோடு சாய்க்கும் அப்பெண்ணின் கைகளிலேயே. முன்னவை உணவின் ஓவியங்கள். பின்னது உணவளிக்கும் உழைப்பின் ஓவியம்.

குறுந்தொகை காட்டும் அடுக்களை

தமிழர்க்கு இவ்வுண்மை வெர்மீருக்குப் பன்னூறாண்டு முன்பே வாய்த்திருந்தது. குறுந்தொகையின் 167ஆம் பாட்டு கூடலூர் கிழார் இயற்றியது. புதுமணம் புரிந்த தலைவி, முற்றிய தயிரை மென்விரல்களாற் பிசைகிறாள். அவ்விரலைத் துடைத்த ஆடையை மாற்றவும் அவளுக்குப் பொழுதில்லை. தாளிப்பின் புகை கண்ணிற் படிகிறது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று சொல்லி உண்கிறான். அவள் முகம் பிறர் அறியாவண்ணம் நுட்பமாக மலர்கிறது.

இப்பாட்டில் குழம்பைப் பற்றிய செய்தி மிகக் குறைவு. அதன் நிறம் கூறப்படவில்லை. படைத்த கலத்தின் அழகும் கூறப்படவில்லை. விரலும் ஆடையும் கண்ணும் முகமுமே பாட்டை நிறைக்கின்றன. இன்றைய சமையற்படம் வெட்டியெறியும் பகுதிகள் எவையோ அவற்றையே புலவர் தேர்ந்துகொண்டார். அழுக்குப் படிந்த அவ்வாடையை நீக்கிவிட்டாற் பாட்டு இல்லை.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. இக்காட்சியை உரைப்பவள் செவிலித்தாய், கேட்பவள் நற்றாய். மகளின் இல்லறம் எவ்வாறுளது என்று ஏங்கும் தாய்க்கு அடுக்களைக் காட்சி ஒன்று செய்தியாகச் செல்கிறது. சிங்கப்பூரில் பணிபுரியும் மகள் தன் முதற் சாம்பாரைப் படமெடுத்து ஈப்போவிலுள்ள அன்னைக்கு அனுப்பும்போது நிகழ்வதும் இதுவே. "நான் நன்றாக இருக்கிறேன், எனக்குச் சமைக்க வருகிறது, கவலை வேண்டாம்" என்பதே அப்படத்தின் பொருள். ஆகவே, சமையற்படம் பிறப்பிலேயே பகட்டானது என்னும் கூற்று ஏற்கத்தக்கதன்று. யாருக்கு, எதன் பொருட்டு அனுப்பப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் தகுதி அமையும்.

தோற்ற சமையலின் வெற்றி

2020ஆம் ஆண்டின் அடைப்புக் காலத்தில் மலேசிய முகநூலிற் பெரும்புகழ் எய்திய மலாய்க் குழு ஒன்று இக்கருத்துக்குத் தக்க சான்றாகும். 'மாசாக் ஆப்பா தாக் ஜாடி ஹாரி இனி' என்பது அதன் பெயர். "இன்று என்ன சமைத்துக் கெட்டது?" என்பது அதன் பொருள். கருகிய கேக்கு, கல்லாய் இறுகிய ரொட்டி, உப்பாமல் அமுங்கிய பணியாரம் முதலிய தோல்விகளை மக்கள் தாமே படமெடுத்து அங்கு வெளியிட்டனர்.

அப்படங்களில் ஒளியமைப்பு இல்லை, ஒப்பனை இல்லை. ஆயினும், சமைத்தவர் அங்கே இருந்தார். கருகிய கேக்கைக் காண்போர்க்கு அதனைக் கருகவிட்டவரின் திகைப்பும் உடன் தெரிகிறது. முதன்முறையாக அடுப்பருகே நின்ற ஆடவரும், அன்னையின் துணையின்றிச் சமைத்த இளைஞரும் நாணமின்றி நுழையத்தக்க வாயில் அது. சிறந்த உணவை மட்டும் காட்டும் குழுவில் பத்துப் பேர் சமைப்பர். பதினாயிரம் பேர் பார்ப்பர். தோல்வியையும் ஏற்கும் குழுவிலோ பார்ப்போரும் சமைக்கத் துணிவர். அதுவே கூட்டத்தைக் குழுவாக்குகிறது.

பாராட்டும் பசியும்

சமையற்படத்தை வெளியிடுவோரிற் பெண்களே மிகுதி என்பது கண்கூடு. அயலார் தரும் விருப்பக்குறியை ஒருத்தி ஏன் நாடுகிறாள் என்று எள்ளி நகையாடுவோர், அவள் வீட்டு உணவு மேசையிற் கேட்கும் சொற்களை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உப்புக் கூடிய நாளில் ஒரு சொல் எழும். சரியாக அமைந்த நாளில் அமைதியே நிலவும். குறுந்தொகைத் தலைவிக்கு 'இனிது' என்னும் ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அச்சொல் வீட்டிற் கிடைக்காதபோது ஊரெங்கும் அது தேடப்படுகிறது. ஆயிரம் விருப்பக்குறிகள் குவிந்தும் ஆறாத பசி அது. எனவே, இக்குழுக்களின் பெருக்கத்திற் குற்றம் காண்போர் அக்குற்றத்தின் பாதியை உண்டெழுந்து வாய்மூடிச் செல்வோர் மீதும் சுமத்தல் நேரியதாகும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2021ஆம் ஆண்டின் இடைப்பகுதியில், வருவாய் இழந்த மலேசியக் குடும்பங்கள் வீட்டு வாயிலில் வெள்ளைக்கொடி கட்டின. உணவுக்கு வழியில்லை என்பதை வாய்விட்டுச் சொல்ல இயலாதோரின் அடையாளம் அது. கொடியைக் கண்ட அண்டையர் இன வேறுபாடின்றி அரிசியும் முட்டையும் கொண்டு சென்றனர். நிறைந்த தட்டின் படமும் வெறுங்கலத்தின் கொடியும் ஒரே கைப்பேசித் திரையில் அடுத்தடுத்துத் தோன்றிய காலம் அது. பிறர் பசியறியாத உணவுப் படம் எத்துணை அழகிதாயினும் குறையுடையதே. பெரியோர் கண்ணேறு என்று அஞ்சி உணவை மறைத்ததிலும் இவ்வுணர்வின் சாயல் இருந்தது; இல்லாதான் கண்முன் உண்ணலாகாது என்னும் நாகரிகம் அது.

குழு அமைப்போர் கடன்

இவற்றிலிருந்து சில முடிபுகள் பெறப்படும். வெளியிடப்படும் உணவு தம் கையாற் சமைத்ததாக இருத்தல் முதற் கடமை. பிறர் படத்தைத் தமதெனக் காட்டுதல் களவு. அளவும் முறையும் கூறாத படம் காட்சியோடு முடிந்துவிடும். எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்', மணமாகிச் செல்லும் பெண்களோடு உடன் செல்லும் நூலாயிற்று. வாசிப்பவர் தாமே செய்து பார்க்க வேண்டும் என்னும் நோக்கம் அதன் பெயரிலேயே உள்ளது. சமையலைக் கற்பித்தவர் அன்னையோ மாமியாரோ அண்டைவீட்டு மலாய் அம்மையோ, அவரை நினைந்து குறிப்பிடுதல் நன்றி. பல சமயத்தார் கூடும் குழுவில் உணவிற் சேர்ந்த இறைச்சி இன்னதென்று தெளிவுறக் கூறுதல் பண்பு.

கருத்துரைப்போர்க்கும் கடமை உண்டு. ஒரு படத்தைக் கண்டு விருப்பக்குறி மட்டும் இட்டு நீங்குதல் வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பி அனுப்புவதற்கு ஒப்பாகும். தம் வீட்டு முறை ஒன்று, ஓர் ஐயம், உண்மையான ஒரு திருத்தம், இவற்றுள் ஏதேனும் ஒன்றை அதில் வைத்தல் வேண்டும். அதுவே அந்த ஒரு பிடி சீனி.

சமையற்படம் இன்னும் இளமைப் பருவத்தது. அதனைக் கடைக்காரர் வழியில் வளர்ப்பதும், கூடலூர் கிழார் வழியில் வளர்ப்பதும் படமெடுப்போர் கையில் உள்ளன. தட்டிலிருந்து கருவியைச் சற்றே உயர்த்தினால் சமைத்த கை தெரியும். இன்னும் சற்று உயர்த்தினால் உண்பவர் முகம் தெரியும். அந்த முகத்தில் 'இனிது' என்னும் சொல் பிறக்குமாயின், அதனைப் படமெடுக்கவும் வேண்டா. சமைத்தவள் காதில் விழுந்தாற் போதும்.