மின்சாரம் இல்லாததும் செல் இல்லாததும்

கைப்பிடியைச் சுழற்றி எரிய வைக்கும் டார்ச் லைட்டுகளின் அட்டையில் "பேட்டரி தேவையில்லை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆனால் பெரும்பாலானவற்றின் உள்ளே பேட்டரி இருக்கிறது. ஒரு குட்டி ஜெனரேட்டர், சில பிளாஸ்டிக் பல்சக்கரங்கள், மூன்று எல்இடி விளக்குகள், நாணய அளவில் ஒரு செல். சுழற்றும்போது பிறக்கும் மின்சாரம் அந்தச் செல்லுக்குள் போய், அங்கிருந்துதான் விளக்குக்கு வருகிறது. மலிவான சிலவற்றில் ரீசார்ஜ் செய்யவே முடியாத செல்லை வைத்துவிடுகிறார்கள். வாங்கிய புதிதில் அது பிரகாசமாக எரியும். செல் தீர்ந்தபின் எவ்வளவு சுழற்றினாலும், கை ஓய்ந்த சற்று நேரத்தில் வெளிச்சமும் ஓய்ந்துவிடும். இந்தக் கருவியின் மிகப் பெரிய குறை இதுதான்.

செல் நல்ல செல்லாகவே இருந்தாலும் கணக்கு சாதகமாக இல்லை. ஒருவர் சிறிய கைப்பிடியை விடாமல் சுழற்றி இரண்டு வாட் அளவுக்கு ஆற்றல் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். உராய்விலும் செல்லில் ஏற்றி இறக்குவதிலும் அதில் பாதிக்கு மேல் போய்விடும். ஒரு நிமிட உழைப்பில் சுமார் 50 ஜூல் மிஞ்சும். மூன்று சிறு எல்இடிகள் 0.2 வாட் எடுத்துக்கொண்டால், அது நான்கு நிமிட வெளிச்சம். சாதாரண ஏஏ பென்சில் செல் ஒன்றில் ஏறத்தாழ 10,000 ஜூல் அடங்கியிருக்கிறது. அந்த ஒரு செல்லுக்கு ஈடுகட்ட மூன்று மணி நேரத்துக்கு மேல் கையைச் சுழற்ற வேண்டும். சில மாதிரிகளில் கைப்பேசிக்கும் சார்ஜ் ஏற்றலாம் என்கிறார்கள். 5,000 எம்ஏஎச் பேட்டரி கொண்ட கைப்பேசியை இப்படி நிரப்ப முயன்றால் ஒரு பகல் முழுக்கச் சுழற்றினாலும் போதாது.

இனி சிங்கப்பூருக்கு வருவோம். இங்கே ஒரு வாடிக்கையாளருக்கு ஆண்டுக்குச் சராசரியாக ஒரு நிமிடம்கூட மின்சாரம் தடைபடுவதில்லை. பெரிய தடைகளும் நீள்வதில்லை. 2004 ஜூன் 29 அன்று எரிவாயு வரத்து தடைபட்டதால் ஏறத்தாழ 3 லட்சம் வீடுகள் இருளில் மூழ்கின. அதுவும் இரண்டு மணி நேர அளவில் சீரானது. 2018 செப்டம்பர் 18 அதிகாலையில் தீவின் பல வட்டாரங்களில் விளக்கு அணைந்தபோது பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் 1,46,797 பேர். 38 நிமிடங்களில் எல்லோருக்கும் மின்சாரம் திரும்பிவிட்டது.

ஆகவே இங்கே அவசரம் என்பது குறுகிய நேரத்து அவசரம். அந்த நேரத்தில் எது தேவை என்பதை தஞ்சோங் பகார் வட்டாரத்தின் டக்ஸ்டனில் 50 மாடிகளோடு நிற்கும் பினக்கிள் அடுக்குமாடியை மனதில் வைத்து யோசிக்க வேண்டும். மின்தூக்கி நின்றுவிட்டால் படிக்கட்டுதான் வழி. ஒரு கை கைப்பிடிச் சுவரைப் பற்றும், மறு கையில் குழந்தையோ மருந்துப் பையோ இருக்கும். டார்ச்சைச் சுழற்றவோ இரண்டு கைகளும் வேண்டும். மூட்டுவலி உள்ள முதியவருக்கு ஒரு நிமிடச் சுழற்சியே பெரும்பாடு. தனியாக வாழும் முதியவர்கள் பெருகிவரும் ஊரில் இதைச் சிறிய குறை என்று ஒதுக்க முடியாது.

அப்படியென்றால் இந்தக் கருவி வீணா? இல்லை. அதன் அருமை தெரிய யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டும்.

1990இல் இலங்கையின் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணம் மின்சாரத்தை இழந்தது. வடக்குக்குக் கொண்டுபோகத் தடை விதிக்கப்பட்ட பொருள்களின் பட்டியலில் டார்ச் செல்லும் இருந்தது. மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. ஜாம் போத்தலில் திரி போட்டுச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் செலவழித்துப் பிள்ளைகள் படித்தார்கள். வானொலிச் செய்தி கேட்க சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பெடலை மிதிக்க, டைனமோ தந்த மின்சாரத்தில் மற்றவர்கள் காதைத் தீட்டிக் கேட்டார்கள். உடல் வலிமையை அவர்கள் விளக்குக்குச் செலவழிக்காமல் வானொலிக்குச் செலவழித்தது கவனிக்கத்தக்கது. அக்காலச் சைக்கிள் விளக்கின் பல்பு 2.4 வாட் கேட்கும். சிறு வானொலிக்கு அதில் ஒரு பங்கு போதும். வெள்ளை எல்இடி சந்தைக்கு வந்தது 1996இல்தான். இன்று அதே மிதிப்பில் வெளிச்சமும் செய்தியும் சேர்ந்தே கிடைக்கும்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஆக்கிரமித்த நெதர்லாந்திலும் இதே நிலைதான். அங்கே பிலிப்ஸ் நிறுவனம் கையால் அமுக்கி எரிய வைக்கும் டார்ச்சைத் தயாரித்தது. 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோ கடைகளில் செல்கள் விற்றுத் தீர்ந்தன. மின்சாரம் இல்லாதது ஒரு துன்பம். செல்லும் கிடைக்காதது வேறொரு துன்பம். கைச்சுழல் டார்ச் இரண்டாவதற்கான மருந்து. அதை முதலாவதற்கு விற்பதால்தான் ஏமாற்றம் வருகிறது.

செல்லில் எரியும் டார்ச்சும் குறையற்றதல்ல. சிங்கப்பூரின் வெப்பத்தில் மாதக்கணக்கில் மேசை இழுப்பறையில் கிடந்த டார்ச்சின் அல்கலைன் செல் கசிந்து, உள்ளிருக்கும் தகட்டை அரித்துவிடலாம். குடிமைத் தற்காப்புப் படை வீடுகளில் தயாராக வைத்திருக்கச் சொல்லும் அவசரப் பையில் டார்ச்சும் செல்லும் இருக்கின்றன. அந்தச் செல்லை டார்ச்சுக்குள் போடாமல் தனியாக வைப்பது நல்லது. விலை சற்றுக் கூடினாலும் லித்தியம் ஏஏ செல் வாங்கினால் இன்னும் நல்லது; அது கெடாமல் இருபது ஆண்டு கிடக்கும். தலையில் மாட்டும் எல்இடி விளக்காக இருந்தால் இரண்டு கைகளும் விடுதலை.

சுழற்றும் கருவிதான் வேண்டும் என்பவர் டார்ச்சை விட்டுவிட்டு, விளக்கோடு கூடிய வானொலியைத் தேடலாம். கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்தால் தகவல் வர வேறு வழி வேண்டும். ஏஏ செல், யுஎஸ்பி, கைப்பிடி ஆகிய மூன்றிலும் இயங்குவதாக, உள் பேட்டரியை மாற்றக்கூடியதாகப் பார்த்து வாங்க வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் சுழற்றி வைக்காவிட்டால் உள் பேட்டரி முற்றிலும் வற்றிச் செத்துவிடும். இந்தக் குறிப்பு பல அட்டைகளில் இல்லை. உள்ளே எந்த வகைச் செல், ஒரு நிமிடம் சுழற்றினால் எத்தனை நிமிடம் எரியும் என்ற இரண்டு விவரங்களையாவது அட்டையில் அச்சிடும்படி விற்பவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டும்.