கருவியும் கண்ணீரும்

ஒரு படைப்பின் வெற்றியை அது வரவழைக்கும் கண்ணீரைக் கொண்டு அளப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அந்தக் கண்ணீர் யாருக்காகச் சிந்தப்படுகிறது, யாரைக் கேள்வி கேட்கிறது என்று ஆராய்வதே விமர்சனத்தின் கடமை. கோபி நயினார் இயக்கி 2017இல் வெளிவந்த ‘அறம்’ திரைப்படத்தை இவ்வாறே அணுக வேண்டும்.

தண்ணீருக்குத் தவிக்கும் சிற்றூரில், மூடப்படாத ஆழ்துளைக் கிணற்றுக்குள் ஒரு சிறுமி விழுகிறாள். அதே வேளையில் விண்கலம் ஒன்று வானில் ஏவப்படுகிறது. வானை அளக்கும் விஞ்ஞானத்திடம் ஏழைக் குழந்தையை மீட்க ஒரு கருவி இல்லை. இறுதியில் அவளுடைய தமையனே கயிற்றில் கட்டி உள்ளே இறக்கப்படுகிறான். கருவியின் இடத்தை ஏழைச் சிறுவனின் உடல் நிரப்புகிறது! சமுதாய முரண்பாட்டை இத்துணைக் கூர்மையாகக் காட்டிய தமிழ்ப்படங்கள் அரியன.

ஆயின், ‘கருவி இல்லையே’ என்ற ஏக்கம் மட்டும் போதுமா? 2014இல் சங்கரன்கோவில் அருகே, மதுரைக்காரர் ஒருவர் ஆக்கிய ரோபோக் கருவி மூன்று வயதுச் சிறுவனை உயிருடன் மீட்டது. 2019 ஒக்டோபர் 25ஆம் திகதி, மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபோதும் கருவிகள் வந்தன. தீபாவளியையும் மறந்து தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்த நாம், கீழிறங்கிய இயந்திரத்தைத் தெய்வமென வேண்டினோம். அது வெறுங்கையோடு மீண்டபோது அதன்மேலேயே வெகுண்டோம். 29ஆம் திகதி உடல்தான் கிடைத்தது.

இரும்புக்கு இரக்கமும் இல்லை, வஞ்சகமும் இல்லை. கைவிடப்பட்ட கிணறுகளை மண்ணும் கல்லும் இட்டு நிரப்புமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 2010இலேயே பணித்திருந்தது. ரோபோ செய்ய விஞ்ஞானி வேண்டும். குழியைத் தூர்க்க மண்வெட்டி போதும். நம் வேண்டுதலிலும் வெகுளியிலும் மறக்கப்பட்டது அந்த மண்வெட்டியே.

மலையகத்தார்க்கு இது அயலூர்க் கதையன்று. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கு ஆபத்து உண்டென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் மலைகள் சரிந்தன. மீட்பு இயந்திரம் வேண்டாமென்பது மடமை. ஆனால் அது வருமுன்னரே தொழிலாளிக்குச் சேர வேண்டியது, சரியாத நிலத்தில் சொந்தக் காணியும் வீடும்.

‘அறம்’ இதனை அறியாத படமன்று. பொறுப்பற்றோரை அது சாடவே செய்கிறது. எனினும், மீட்பின் பரபரப்பு அந்தச் சாடலை விழுங்கிவிடுகிறது. குழந்தை மேலே வந்ததும் நம் நெஞ்சு ஆறிவிடுகிறது. கிணறோ திறந்தே கிடக்கிறது. அந்த ஆறுதலையும் குலைக்கும் கலையே இன்று நமக்குத் தேவை.