விளக்கு மாறியது, வழக்கம் மாறியதா?

மின்சாரச் சிக்கனம் என்றதும் இன்று எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது எல்.இ.டி. விளக்கு. 2015ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்தின் வழியாக 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. குமிழ்கள் மக்களுக்கு வழங்கப்பட்டுள்ளன. மொத்தமாக வாங்கியதால், 2014இல் சுமார் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாயாக இறங்கியது. தெருக்களும் ரயில் நிலையங்களும் அலுவலகங்களும் இதே வழியில் மாறி வருகின்றன. இது சிறிய சாதனையன்று. ஆயினும், மாட்டிய விளக்குகளின் எண்ணிக்கையையே மிச்சமான மின்சாரமாகக் கருதுவது பொருந்துமா? பொதுக் கட்டடங்களைப் பொறுத்தவரை பொருந்தாது என்பதே என் கருத்து.

முதலில் இதன் இயற்பியலைப் பார்ப்போம். டங்ஸ்டன் இழை விளக்கு, இழையைச் சூடாக்கி ஒளி தருகிறது. உட்கொள்ளும் மின்னாற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடுகிறது. எனவே ஒரு வாட்டுக்குக் கிடைப்பது 12 முதல் 15 லூமென் ஒளிதான். எல்.இ.டி.யில் சூடேறி ஒளிரும் இழை கிடையாது. குறைகடத்தியின் சந்தியில் எலக்ட்ரான்களும் துளைகளும் இணையும்போது ஒளி பிறக்கிறது. நீல எல்.இ.டி.யை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. நீல ஒளியின்மீது ஒளிரும் பூச்சு ஒன்றைச் சேர்த்தே வெள்ளொளி பெறப்படுகிறது. இன்றைய நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 லூமெனுக்கு மேல் தருகிறது.

ஒரு சிறு கணக்கு

500 குழல் விளக்குகள் உள்ள ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். பழைய 40 வாட் குழல் விளக்கு, அதன் சோக்கையும் சேர்த்தால், ஏறத்தாழ 54 வாட் எடுக்கும். 500 விளக்குகளுக்கு 27 கிலோவாட். நாளொன்றுக்கு 10 மணி, ஆண்டுக்கு 300 நாள் என 3,000 மணி நேரம் எரிந்தால், செலவு 81,000 யூனிட். அவ்விடத்தில் 20 வாட் எல்.இ.டி. குழல்களை மாட்டினால் 10 கிலோவாட் போதும். செலவு 30,000 யூனிட்டாகக் குறையும். மிச்சம் 51,000 யூனிட். குளிரூட்டப்பட்ட அறையாயின், விளக்கின் வெப்பம் குறைவதால் குளிர்சாதனத்தின் செலவும் சிறிது குறையும்.

ஆனால், "எல்.இ.டி.தானே, எரிந்தால் என்ன?" என்று அவற்றை இரவும் பகலும் எரியவிட்டால்? ஆண்டுக்கு 8,760 மணி நேரம்; செலவு 87,600 யூனிட். அதாவது, பழைய விளக்குகளைப் பொறுப்புடன் பயன்படுத்திய காலத்தைவிட அதிகம்! பொருளைத் திறமையாகப் பயன்படுத்தக் கற்றால் அதன் மொத்த நுகர்வு கூடவும் கூடும் என்று நிலக்கரியைப் பற்றி ஜெவன்ஸ் 1865இலேயே எழுதினார். அந்த எச்சரிக்கை நம் தாழ்வாரங்களுக்கும் பொருந்தும்.

பகலில் எரியும் விளக்கு

பெருங்குடியில் பழைய மகாபலிபுரம் சாலையின் இருபுறமும் கண்ணாடிச் சுவர்க் கட்டடங்கள் நிற்கின்றன. சென்னையின் நண்பகல் வெயில் வெளியே ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு ஒளி தரவல்லது. அலுவலக மேசைக்கு வேண்டியது 300 முதல் 500 லக்ஸ் மட்டுமே. ஆனால் கண்ணாடி வழியே வெப்பமும் கூச்சமும் வருவதால் திரையை இறக்கிவிட்டு, உள்ளே விளக்கேற்றிக்கொள்ளும் கட்டடங்கள் பல. ஜன்னலுக்கு மேலே வெயில் மறைப்பு அமைத்து, ஜன்னலோர விளக்குகளுக்குத் தனிச் சுவிட்ச் வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

2007இல் வெளியான மத்திய அரசின் எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில் விளக்குகள் தாமாக அணையும் ஏற்பாடு வேண்டும் என்றது. ஆனால் அது பெரிய புதுக் கட்டடங்களை மனத்திற் கொண்டு எழுதப்பட்டது. விளக்கு மாற்றம் பெரிதும் நடப்பதோ பழைய பள்ளிகளிலும் அலுவலகங்களிலும். அங்கே குழல் மாறுகிறது. ஒரே சுவிட்சில் பத்து விளக்கு எரியும் பழைய கம்பியிணைப்பு அப்படியே இருக்கிறது.

ஆயுளும் கழிவும்

பெட்டியின்மேல் "50,000 மணி நேரம்" என்று அச்சிட்டிருப்பதையும் ஆராய வேண்டும். பொதுவாக, ஒளி தொடக்க அளவில் 70 விழுக்காடாகக் குறையும் வரையிலான காலத்தையே அது குறிக்கும். ஆனால் பெரும்பாலும் முதலில் பழுதாவது டையோடு அன்று. அதற்கு மின்சாரம் வழங்கும் டிரைவர் சுற்று. அதிலுள்ள மின்பகு மின்தேக்கியின் ஆயுள், வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் ஏறத்தாழப் பாதியாகும். காற்றோட்டமில்லாத மூடிக்குள் அடைபட்ட மலிவு விளக்கு, சென்னைக் கோடையில் நெடுநாள் உழைக்காது. மிகக் குறைந்த விலைக்கே ஒப்பந்தம் தரும் முறை இதனைக் கணக்கில் கொள்வதில்லை.

இனி, கழற்றிய குழல்கள். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் உள்ளது. 2016ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் இவற்றைத் தனியே சேகரிக்கச் சொல்லின. எத்தனை விளக்கு மாட்டினோம் என்று அறிவிக்கும் நிறுவனங்கள், கழற்றியவை எங்கே சென்றன என்றும் அறிவிக்க வேண்டும். பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின்மீதே எழுந்தது. அந்த நிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. உடைந்த குழலின் பாதரசம் நீரில் கலந்தால், மீன் வழியே பறவைக்கும் மனிதனுக்கும் அது வந்து சேரும். சதுப்பு நிலத்தை ஒட்டிய தெருக்களில் நீலம் மிகுந்த வெண்ணிற விளக்கைத் தவிர்த்து, 3,000 கெல்வினுக்கு மேற்படாத மஞ்சள் சாயலுள்ள விளக்கை, ஒளி கீழ்நோக்கி விழுமாறு அமைப்பது நலம்.

எல்.இ.டி. விளக்கு வேண்டாம் என்பது இதன் பொருளன்று. அது கட்டாயம் வேண்டும். ஆனால் வெற்றியை அளக்க வேண்டிய கருவி மின்மானி. விளக்குகளின் எண்ணிக்கை அன்று. மாற்றத்திற்கு முன் ஓராண்டு, பின் ஓராண்டு என யூனிட் கணக்கை ஒவ்வொரு நிறுவனமும் தன் வாயிற்பலகையில் எழுதட்டும். மாணவர்களும் இதில் பங்கு பெறலாம்: ஒரு வாரம், ஆளில்லாத வகுப்பறைகளில் எரியும் விளக்குகளை மணிக்கொரு முறை எண்ணுங்கள்; வாட்டால் பெருக்குங்கள். கிடைக்கும் எண்ணை முதல்வரிடம் கொடுங்கள். விளைவை அடுத்த மாத மின்கட்டணச் சீட்டில் பார்க்கலாம்.