வந்த வருடமே வெல்லலாமா? கல்லூரிக் கூடைப்பந்தின் சில பாங்குகள்

வங்காலையில் உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுதச் சொன்னால் எழுத ஆள் நிறைய உண்டு. பெண் பிள்ளைகளின் வலைப்பந்துக்கும் ஆள் கிடைக்கும். கூடைப்பந்தைப் பற்றி இந்த மலரில் ஒரு கட்டுரை எதற்கு என்று கேட்கலாம். நம் மைதானத்து மதிலோரம் வருடா வருடம் கிளம்புகிற ஒரு வாக்குவாதத்தை அமெரிக்கக் கல்லூரிகள் கூடைப்பந்தை வைத்து அறுபது வருடமாக நடத்தி வருகின்றன. அதுதான் காரணம். பதினாறு வயதுப் பிரிவில் மின்னுகிற பெடியனை இருபது வயதுப் பிரிவில் உடனே இறக்குவதா, அல்லது இன்னும் ஒரு வருடம் பொறுப்பதா? இறக்கினால் அவன் ஒருவனே அணியைத் தூக்கி நிறுத்துவானா?

நமக்கு இந்தக் கேள்வியில் அவசரமும் இருக்கிறது. ஓ.எல். எழுதின கையோடு தகப்பனோடு தொழிலுக்குப் போகிறவன் இருக்கிறான். ஏ.எல். படிக்க வேறு பெரிய பாடசாலைக்குப் போகிறவன் இருக்கிறான். வெளிநாட்டுக்குப் போகிறவனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நல்ல ஆட்டக்காரன் பெரிய அணியில் ஒரு வருடம் நின்றாலே அதிர்ஷ்டம். அமெரிக்காவிலும் கதை இதுதான். அவர்களுடைய பெடியள் கடலுக்குப் போவதில்லை, கோடி கோடியாய்ச் சம்பளம் தரும் என்.பி.ஏ. என்ற தொழில்முறைப் போட்டிக்குப் போகிறார்கள்.

கூத்திலே மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று பிரிப்பது மன்னார் மண்ணுக்குப் பழக்கம். கல்லூரிக் கூடைப்பந்திலும் அப்படிப் பாங்குகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு அண்ணாவியார் உண்டு.

மூத்த பாங்கு காத்திருக்கும் பாங்கு. 1972 வரை அமெரிக்கக் கல்லூரிகளில் முதலாம் வருட மாணவர் பிரதான கூடைப்பந்து அணியில் ஆட முடியாது, அவர்களுக்கென்று தனி அணி இருந்தது. 1965 நவம்பர் 27 அன்று லொஸ் ஏஞ்சலிசில் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம் தன் புதிய உள்ளரங்கைத் திறந்தபோது முதலாம் வருட அணியையும் பிரதான அணியையும் மோதவிட்டார்கள். பிரதான அணி அப்போது தொடர்ந்து இரண்டு வருடம் தேசியச் சம்பியன். முதலாம் வருடத்தில் லூ அல்சின்டர் என்ற நெடிய பெடியன் இருந்தான். பிற்காலத்தில் கரீம் அப்துல் ஜபார் என்று உலகம் அறிந்தவர் அவர்தான். அன்று அவருக்கு 31 புள்ளிகள், 21 மீள்பந்துகள் (விழாமல் திரும்பிய பந்தைப் பிடிப்பது). புதியவர்கள் 75–60 என்று சம்பியன்களை வென்றுவிட்டார்கள்.

வென்றும் அந்த வருடம் அவர்களால் தேசியப் போட்டியில் ஆட முடியவில்லை. தோற்ற அண்ணன்மார்தான் பல்கலைக்கழகத்தின் பெயரில் ஆடினார்கள், இறுதிச் சுற்றுத் தொடருக்குக்கூடத் தகுதி பெறவில்லை. விதியின் கொடுமை என்று இதைச் சொல்வோர் உண்டு, நானும் பாதி ஒப்புக்கொள்வேன். ஆனால் அடுத்த மூன்று வருடத்தையும் பார்க்க வேண்டும். அல்சின்டர் பிரதான அணியில் நின்ற 1967, 1968, 1969 மூன்றிலும் யூ.சி.எல்.ஏ. சம்பியன். 88 வெற்றி, 2 தோல்வி. பயிற்றுநர் ஜோன் வுடன் பன்னிரண்டு வருடத்தில் பத்துப் பட்டம் எடுத்தவர். நட்சத்திரம் அவரிடம் இருந்தது உண்மைதான், அந்த நட்சத்திரத்தோடு மூன்று வருடம் வேலை செய்யவும் அவருக்குக் கிடைத்தது.

விதி போன பிறகு அடுத்த பாங்கு பிறந்தது. 1986 இல் லூயிவில் பல்கலைக்கழகத்தின் முதலாம் வருட மாணவர் பேர்விஸ் எலிசன் இறுதிப் போட்டியில் டியூக்கை வீழ்த்தி, தொடரின் சிறந்த வீரரானார். 1991 இல் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்துக்கு ஐந்து புதியவர்கள் ஒன்றாய் வந்தார்கள். அந்தப் பருவம் முடிவதற்குள் ஐந்து பேரும் ஆரம்ப வரிசையில் நின்றார்கள், இறுதிப் போட்டி வரையும் போனார்கள். தொளதொளக் காற்சட்டையும் கறுப்புக் காலுறையுமாய் அவர்கள் ஆடிய ஆட்டத்தை உலகமே பார்த்தது. 1992 இறுதிப் போட்டியில் டியூக்கின் அனுபவசாலிகள் அவர்களை 71–51 என்று அடித்துப்போட்டார்கள். அடுத்த வருடமும் இறுதிப் போட்டி. கடைசி 11 செக்கன். இரண்டு புள்ளி பின்னால் நிற்கும்போது கிறிஸ் வெபர் இடைநிறுத்தம் கேட்டார். அணியிடம் இடைநிறுத்தம் மிச்சமில்லை. தண்டனை எறிகளோடு ஆட்டம் வட கரோலினாவின் கைக்குப் போனது, 77–71. பின்னால், ஆட்டக்காரருக்குக் கள்ளத்தனமாகப் பணம் கைமாறிய விவகாரம் வெளிவந்து அந்த இரண்டு இறுதிப் போட்டிகளும் பதிவிலிருந்தே நீக்கப்பட்டன. ஐவரின் புகழ் மட்டும் அழியவில்லை. பட்டம் ஒன்றும் இல்லாத அணிக்கு இவ்வளவு புகழ் கிடைத்தது எனக்கு இன்னும் வியப்பு.

2003 இல் சிரக்கியூஸ் அந்தக் குறையைத் தீர்த்தது. கார்மலோ அன்தனி ஒரே வருடம் படித்தார், இறுதிப் போட்டியில் 20 புள்ளி எடுத்தார், பட்டத்தோடு போனார். ஒரு புதுமுகம் ஒரு கல்லூரியையே தூக்கினது என்று வாதிடுகிறவர்கள் முதலில் காட்டுவது இவரைத்தான். ஆனால் அந்த ஆட்டத்தின் முதற் பாதியில் ஆறு மூன்று புள்ளி எறிகளைப் போட்டவர் ஜெறி மக்னமாரா. அவரும் முதலாம் வருடம். கடைசிக் கணத்தில் கான்சாஸின் சமநிலை எறியைத் தட்டிவிட்டவர் இரண்டாம் வருட ஹக்கீம் வொறிக். தனியாள் தூக்கினது என்பது சுவரொட்டிக்குச் சரி.

2006 முதல் என்.பி.ஏ. பாடசாலையிலிருந்து நேரே ஆள் எடுப்பதை நிறுத்தியது. பத்தொன்பது வயதும் பாடசாலை முடித்து ஒரு வருடமும் ஆகவேண்டும். அத்தனை நட்சத்திரங்களும் ஒரு வருடத்துக்குக் கல்லூரிக்கு வந்து போகத் தொடங்கினார்கள். இதைப் பாங்காகவே வளர்த்தவர் அப்போது கென்டக்கியின் பயிற்றுநராயிருந்த ஜோன் கலிபாரி. அவர் பெற்ற ஒரே தேசியப் பட்டம் 2012 இல் வந்தது, முதலாம் வருட அன்தனி டேவிஸை நடுவில் வைத்து. அந்த இறுதிப் போட்டியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். டேவிஸ் கூடைக்கு எறிந்தது பத்துத் தடவை. விழுந்தது ஒன்று. மொத்தம் ஆறு புள்ளி. நம் ஊரில் என்றால் இடைவேளையிலேயே ஆளை மாற்று என்று சத்தம் போட்டிருப்பார்கள். ஆனால் 16 மீள்பந்தைப் பிடித்திருந்தார், ஆறு எறியை மறித்திருந்தார். கான்சாஸ் பெடியள் கூடைக்குக் கிட்டப் போகவே தயங்கினார்கள். புள்ளியை இரண்டாம் வருட டோறன் லாம்ப் பார்த்துக்கொண்டார், 22. கென்டக்கி 67–59 என்று வென்றது, சிறந்த வீரர் விருது டேவிஸுக்கே போனது. பந்து விழாத நாளிலும் வேலை இருக்கிறது என்று பத்தொன்பது வயதில் தெரிந்திருந்தது அவருடைய பெருமை. பக்கத்தில் புள்ளி எடுக்க ஆள் இருந்தது அணியின் பெருமை.

அதே கலிபாரி 2014 இல் ஐந்து முதலாம் வருடத்தாரை ஆரம்ப வரிசையில் நிறுத்தி இறுதிப் போட்டிக்குப் போய்த் தோற்றார். 2015 இல் 38 ஆட்டம் தொடர்ந்து வென்று, அரையிறுதியில் விஸ்கொன்சினிடம் விழுந்தார்.

எதிர்ப்பாங்குக்கு முதல் உதாரணம் புளோரிடா. 2006 இல் பட்டம் எடுத்த ஆரம்ப வரிசையின் ஐந்து பேரும் என்.பி.ஏ.க்கு ஓடாமல் அடுத்த வருடமும் வந்து நின்றார்கள். 2007 இறுதிப் போட்டியில் ஒகையோ ஸ்டேட்டின் முதலாம் வருட க்றெக் ஓடன் தனியாளாய் 25 புள்ளியும் 12 மீள்பந்தும் எடுத்தும் புளோரிடா வென்றது. வில்லனோவாவில் ஜே றைட் இந்தப் பாங்கில்தான் 2016 இலும் 2018 இலும் வென்றார். 2018 இல் முதல் தரவரிசையோடு வந்து, பதினாறாம் தரவரிசை அணியிடம் முதற் சுற்றிலேயே தோற்ற வேர்ஜினியா, அநேகமாய் அதே பிள்ளைகளோடு 2019 இல் சம்பியனானது. அதே 2019 இல் சயன் வில்லியம்சன், ஆர்.ஜே. பறெட் என்ற இரண்டு முதலாம் வருட மலைகளை வைத்திருந்த டியூக், காலிறுதியில் மிச்சிக்கன் ஸ்டேட்டிடம் ஒரு புள்ளியால் தோற்றது. கடைசி ஐந்து செக்கனில் பறெட்டின் முதல் தண்டனை எறி விழவில்லை. எதிரே ஆட்டத்தை நடத்தியவர் மூன்றாம் வருட கஷியஸ் வின்ஸ்டன். 2025 இலும் முதலாம் வருட கூப்பர் பிளாக்கை வைத்திருந்த டியூக் அரையிறுதியில் ஹூஸ்டனிடம் முன்னிலையை இழந்து தோற்றது.

இவ்வளவையும் அடுக்கிவிட்டு, மூத்தவர்களே வெல்வார்கள் என்று முடித்துவிட எனக்கு ஆசைதான். 2015 டியூக் விடாது. அந்த இறுதிப் போட்டியில் டியூக் எடுத்த 68 புள்ளியில் 60, நான்கு முதலாம் வருட மாணவர்களுடையது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அந்த அணியின் மூத்தவர் குவின் குக் என்ன செய்தார் என்று பாருங்கள். நான்காம் வருடம், அணித்தலைவர், பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துவது அவருடைய இடம். அந்த இடத்தை முதலாம் வருட டைஸ் ஜோன்ஸுக்கு விட்டுக்கொடுத்துத் தான் ஓரத்துக்குப் போனார். இறுதிப் போட்டியில் குக்குக்கு ஆறு புள்ளி, ஜோன்ஸுக்கு 23, சிறந்த வீரர் விருதும். நட்சத்திரப் புதுமுகங்கள் வென்ற அணிகளில் நான் தேடிப் பார்ப்பது இந்த மாதிரி ஒரு அண்ணனைத்தான். அண்ணன் முறைத்துக்கொண்டு நிற்கிற அணியில் எவ்வளவு பெரிய கெட்டிக்காரனை இறக்கினாலும் அவனுக்குப் பந்து வராது. இது உதைபந்துக்கும் பொருந்தும் என்பது வங்காலைக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் பக்கத்துப் பாங்குகளுக்கு வருவோம். 1891 இல் அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் கண்டுபிடித்த ஆட்டம், அதே ஸ்பிறிங்பீல்டில் படித்த ஹறி பக் 1920 இல் சென்னையில் தொடங்கிய வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி வழியாகத் தமிழர் மத்தியில் ஊன்றியது. இலங்கையில் தமிழ்ப் பாடசாலைக் கூடைப்பந்தின் தலைவாசல் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி. அதற்குக் காரணம் லூசியானாவில் பிறந்து 1948 இல் இங்கு வந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளார். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தார். ஏ.எல். முடிந்தால் பிள்ளைகள் போய்விடுவார்கள், அவர் போகவில்லை. 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் சாரதியோடு காணாமற் போனார். அருட்தந்தை மேரி பஸ்ரியனை 1985 ஜனவரியில் பறிகொடுத்த நம் ஊருக்கு அந்த இழப்பின் பாரம் விளங்கும். அடிகளார் இல்லாத பிறகும் மட்டக்களப்பில் கூடைப்பந்து நிற்கவில்லை. ஒரு பாங்கு ஊன்றிவிட்டதா என்று அறிய இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை.

தனி நட்சத்திரங்களும் நமக்குக் குறைவில்லை. சென்னையின் அனிதா பால்துரை பத்தொன்பது வயதில் இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்குத் தலைவியானவர். அந்தச் சின்ன வயதில் கிடைக்காத ஆசியக் கிண்ண இரண்டாம் பிரிவுப் பட்டம் 2017 இல் பெங்களூரில் கிடைத்தபோது அவர் முப்பதைத் தாண்டிய மூத்தவர். யாழ்ப்பாணம் ஏவினையின் தர்ஜினி சிவலிங்கத்தின் உயரத்தைப் பார்த்தவர்கள் வலைப்பந்தில் ஒருவரே போதும் என்றார்கள். ஆசியப் பட்டங்களை அவரோடு இலங்கை வென்றதும் உண்மை. ஆனால் உலகக் கிண்ணத்தில் 2019 இல் இலங்கைக்குக் கிடைத்தது பதினாறு அணியில் பதினைந்தாம் இடம். வளையத்தடியில் நிற்கிறவருக்குப் பந்து வந்து சேரவேண்டுமே. வலைப்பந்தில் அவர் தானாகப் பந்தைக் கொண்டுபோகவும் முடியாது.

வங்காலையில் கெட்டிக்காரப் பெடியனை ஒரு வருடம் மறித்துவைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. அடுத்த வருடம் அவன் வள்ளத்தில் இருப்பான், அல்லது விமானத்தில். இறக்கலாம், இறக்கத்தான் வேண்டும். இருபது வயதுப் பிரிவின் அணித்தலைவரிடம் முதலில் பேசிவிட்டு இறக்க வேண்டும். அவனைத் தெரிவு செய்யும்போது எத்தனை கோல் அடித்தான் என்பதோடு, அடிக்காத நாளில் என்ன செய்தான் என்றும் கேட்க வேண்டும். நம் ஸ்கோர் கொப்பியில் இதற்கு இடமில்லை, கோல் அடித்தவர் பெயரும் நிமிடமும்தான் இருக்கும். பந்து கொடுத்தவருக்கு ஒரு கட்டம், எதிரியிடமிருந்து பந்தைப் பறித்தவருக்கு ஒரு கட்டம் கூடப் போடலாம். அதற்கு ஒரு அடிமட்டமும் பென்சிலும் போதும், அனுசரணையாளர் யாரையும் தேடத் தேவையில்லை.