கமடோர் சரக்கைக் கடையில் ஏற்றலாமா?

1994 ஏப்ரல் 29 அன்று கமடோர் என்ற கணினி நிறுவனம் கையை விரித்தது. 31 ஆண்டுகள் கழித்து, 2025-இல், கிறிஸ்டியன் சிம்ப்சன் என்ற யூடியூபர் சிலரைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பெயரின் உரிமையை வைத்திருந்த நிறுவனத்தையே விலைக்கு வாங்கினார். வாங்கிய கையோடு ‘கமடோர் 64 அல்டிமேட்’ என்ற கணினியை 299.99 டாலருக்கு அறிவித்தார். அட்டாரி அதற்கு முன்பே, 2023 நவம்பரில், ‘2600+’ என்ற வீடியோ கேம் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் சின்கிளேரின் ரப்பர் பொத்தான் கணினி ‘தி ஸ்பெக்ட்ரம்’ என்ற பெயரில் பிரிட்டனில் 89.99 பவுண்டுக்கு வந்தது. இவற்றின் பின்னாலேயே சட்டை, காபிக் கோப்பை, தொப்பி, சாவிக்கொத்து என்று சின்னம் அச்சடித்த சரக்கும் வருகிறது.

பிரிட்டனின் சிறு நகரம் ஒன்றில் பழைய வீடியோ கேம்களை வாங்கி விற்கும் கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். இந்தச் சரக்கில் எதை எடுப்பது, எதை விடுவது என்று அவர் இப்போது முடிவுசெய்தாக வேண்டும். சங்கிலிக் கடையில் ஐம்பது சட்டை தேங்கினால் அது கணக்கில் ஒரு வரி. இவருக்கு அது அடுத்த மாத வாடகை. அதனால் உணர்ச்சியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, சரக்கைச் சரக்காகவே எடைபோட வேண்டும்.

முதலில் பெயர். பெயருக்காகத்தான் ஆள் கடைக்குள் வருகிறார் என்பது இந்த வியாபாரத்தின் அடிப்படை நம்பிக்கை. கமடோரின் கதையை ஆண்டு ஆண்டாகப் பார்த்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. 1995-இல் எஸ்காம் என்ற ஜெர்மன் நிறுவனம் வாங்கியது, மறு ஆண்டே திவாலானது. 1997-இல் நெதர்லாந்தின் டியூலிப் வாங்கியது. அப்புறமும் பல கைகள். 2011-இல் கமடோர் யுஎஸ்ஏ என்ற நிறுவனம் பழைய கமடோர் 64-இன் உடலைப் போலவே ஒரு பெட்டி செய்து, உள்ளே இன்டெல் ஆட்டம் சில்லு போட்ட சாதாரண பிசியை வைத்து விற்றது. 2012 இறுதியில் அதன் நிறுவனர் காலமானதும் அதுவும் நின்றுபோனது. 2015-இல் கமடோர் பெட் என்ற பெயரில் ஓர் ஆண்ட்ராய்டு ஸ்மார்ட்போன் வந்தது. அந்த போனுக்கும் 1977-இல் வந்த பெட் கணினிக்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரே பெயரை ஒட்டி இத்தனை சரக்கு வந்தும் எதுவும் நிலைக்கவில்லை.

இதற்கு நேர்மாறான சான்று ஒன்றும் உண்டு. 2018-இல் ரெட்ரோ கேம்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் ‘தி சி64 மினி’யைக் கொண்டுவந்தது. கமடோர் என்ற பெயரைப் போட உரிமை இல்லாததால் கருவியின் பெயரில் அந்தச் சொல்லே கிடையாது. ஆனாலும் பெரிய கடைகள் அதை எடுத்தன, மக்கள் வாங்கினார்கள். முழு அளவுப் பதிப்பு மறு ஆண்டே வந்தது. பெயர் இருந்தும் விலைபோகாத சரக்கு ஒரு பக்கம், பெயர் இல்லாமலே விலைபோன சரக்கு மறு பக்கம். பெயர் ஆளைத் திரும்பிப் பார்க்க வைக்கும். காசை எடுக்க வைப்பது வேறொன்று.

அது என்ன என்பதற்கு விடையும் அந்த மினியிலேயே இருக்கிறது. கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பழுப்புப் பெட்டி, வளைந்த முன்விளிம்பு, வலப்பக்கம் நான்கு பெரிய பொத்தான்கள், எல்லாம் அச்சு அசல். ஆனால் விசைப்பலகை வெறும் வார்ப்பு. ஒரு விசையை அழுத்தினால் இறங்காது. நான்கு வரி நிரல் எழுத வேண்டுமென்றாலும் தனியாக ஒரு யூஎஸ்பி விசைப்பலகை வாங்கிச் செருக வேண்டும். அசல் கமடோர் 64-இல் ‘பேசிக்’ நிரல்மொழி கற்றவர் கடையில் அதைப் பார்த்ததும் முதலில் செய்வது விசையைத் தொடுவதுதான். விரல் வைத்த இடம் அசையாதபோது முகம் மாறிவிடும். 2019-இன் முழு அளவுப் பதிப்பில் எல்லா விசைகளும் வேலை செய்கின்றன. நீலத் திரையில் 38911 பைட்டுகள் காலியாக உள்ளன என்ற வரி வருகிறது, உடனே தட்டச்சு செய்யலாம். இந்த வகைச் சரக்கை மதிப்பிட இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை: அழுத்தினால் வேலை செய்கிறதா, இல்லையா?

சட்டையும் கோப்பையும் அந்தக் கேள்வியிலேயே தோற்றுவிடும் என்று தள்ளிவிடலாம். ஆனால் அது நியாயமான எடைபோடல் ஆகாது, ஏனென்றால் சட்டையின் பக்கம் கனமான ஒரு வாதம் இருக்கிறது. லாப விகிதம். 9 பவுண்டுக்கு வாங்கிய சட்டையை 20 பவுண்டுக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். 20 சதவீத வாட் வரி போக 16.67 நிற்கும், லாபம் 7.67. போட்ட பணத்தில் 85 சதவீதம். சட்டை பழுதாகாது, அதற்கு மென்பொருள் புதுப்பிப்பு வேண்டாம், தொலைக்காட்சியில் படம் வரவில்லை என்று யாரும் போன் செய்ய மாட்டார்கள்.

கணக்கு இத்தோடு முடிந்தால் சட்டைக்குத்தான் வெற்றி. ஆனால் சட்டையை ஒன்றாக வாங்க முடியாது. ஐந்து அளவுகளில் மூன்று மூன்றாக எடுத்தால் 15 சட்டை, 135 பவுண்டு. நடு அளவுகள் மூன்றும் முழுக்கப் போய், சின்னதும் மிகப் பெரியதும் தங்கினால், விற்ற 9 சட்டைக்குக் கைக்கு வருவது 150. ஆக மொத்த லாபம் 15 பவுண்டு, மிச்சம் 6 சட்டை அலமாரியில். துணி வியாபாரம் செய்யும் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். அதோடு அட்டாரி சின்னம் போட்ட சட்டை பெரிய துணிக்கடைகளிலும் இணையத்திலும் கொட்டிக் கிடக்கிறது. அதை வாங்க ஒருவர் இந்தச் சிறுகடையைத் தேடி வருவதற்குக் காரணமே இல்லை. தேடி வர வைக்காத சரக்கு, லாப விகிதம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், சிறுகடைக்குச் சுமை.

இப்போது கருவிகள். 89.99 பவுண்டு ஸ்பெக்ட்ரமில் வாட் மட்டும் 15 பவுண்டு. மீதி 75-இல் கடைக்காரருக்கு 15 சதவீதம் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று வைத்தால் 11 பவுண்டு சொச்சம். அட்டைக் கட்டணம் அதிலிருந்துதான் போக வேண்டும். ஒரு பெட்டி திரும்பி வந்தால் ஐந்தாறு பெட்டியின் லாபம் காலி. பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான பொருளுக்கு வாடிக்கையாளர் பிடிப்பது விற்றவரைத்தான், தயாரித்தவரை அல்ல. 30 நாளுக்குள் பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். முதல் ஆறு மாதத்தில் வெளிப்படும் பழுது வாங்கும்போதே இருந்ததாகத்தான் கருதப்படும், இல்லையென்று நிரூபிக்க வேண்டியவர் கடைக்காரர். பெட்டியின் மேல் யாருடைய சின்னம் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் உத்தரவாதம் கடைக்காரருடையது. கைமாறிக்கொண்டே இருக்கும் ஒரு பெயருக்காக, ஊரில் பல ஆண்டுகளாகச் சேர்த்த சொந்தப் பெயரை ஈடு வைப்பதுதான் இதில் உள்ள உண்மையான அபாயம்.

அந்த அபாயத்தையும் மீறி ஒரு கருவி தன் இடத்தைச் சம்பாதிக்கிறது: அட்டாரி 2600+. காரணம் அதன் அழகல்ல. அதில் 1977-இலிருந்து வந்த அசல் கேம் கேசட்டுகளை (கார்ட்ரிட்ஜ்) செருகலாம், அட்டாரி 7800 கருவியின் கேசட்டுகளும் ஓடும். பழைய கேசட் விற்பதுதானே இந்தக் கடையின் மூலத்தொழில்? பழைய பொருளுக்கு பிரிட்டனில் லாபத்தின் மேல் மட்டும் வாட் கட்டும் முறை உண்டு. 3 பவுண்டுக்கு வாங்கிய கேசட்டை 8-க்கு விற்றால், 5 பவுண்டு லாபத்தில் ஆறில் ஒரு பங்குதான் வரி. கையில் 4.17 நிற்கும். புதுக் கருவி வாங்கியவர் ஐந்து கேசட் எடுத்துப் போனால் 20 பவுண்டுக்கு மேல். கருவியில் கிடைத்ததைவிட அது அதிகம், அதோடு அவர் மறுபடி வருவார். கேசட்டின் செம்பு முனையைப் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்து, கண்ணெதிரே செருகி ஓட்டிக் காட்டிக் கொடுக்கலாம். இணையக் கடையால் அதைச் செய்ய முடியாது.

ஸ்பெக்ட்ரமுக்கு அந்த வசதி இல்லை. உள்ளேயே 48 விளையாட்டுகள், மேலும் வேண்டுமென்றால் யூஎஸ்பியில் ஏற்றிக்கொள்ளலாம். வாங்கியவருக்குக் கடையில் அடுத்து வாங்க எதுவும் கிடையாது. நல்ல கருவிதான், ரப்பர் விசைகள் உண்மையிலேயே இறங்குகின்றன. 1982-இல் 125 பவுண்டு கொடுத்து அசலை வாங்கித் தந்த பெற்றோரின் பிள்ளைகள் இன்று ஐம்பதைக் கடந்தவர்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர்களுக்குப் பரிசாகப் போகும். ஜனவரியில் நிற்கும்.

கமடோர் 64 அல்டிமேட்டைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் இந்தக் கூட்டத்தில் பொறியியல் ரீதியாக மிக நேர்மையான பண்டம் அதுதான். மென்பொருளால் போலச் செய்யாமல், எஃப்பிஜிஏ சில்லுக்குள் பழைய சுற்றமைப்பையே மறுபடி கட்டியிருக்கிறார்கள். பழைய கேசட், நாடா இயக்கி, ஃபிளாப்பி இயக்கி, ஜாய்ஸ்டிக் எல்லாம் அதனதன் துளையில் பொருந்தும். ஆர்வலரிடையே ஏற்கெனவே பெயர்பெற்ற ‘அல்டிமேட் 64’ பலகையின் வழி வந்தது என்பதால் அடித்தளமும் பரிசோதிக்கப்பட்டது. ஆனால் கம்பெனி தன் இணையதளத்தில் நேரடியாகவே விற்கிறது. சரக்கு தருபவரே எதிர்க்கடைக்காரர் ஆகும்போது சிறுகடை விலையில் ஜெயிக்க முடியாது.

இது கமடோரின் வரலாற்றில் புதிதும் அல்ல. நிறுவனர் ஜாக் டிராமியேல் கணினியை மேல்தட்டினருக்கு அல்ல, வெகுஜனத்துக்கு விற்க வேண்டும் என்று நின்றவர். கணினி விற்பதையே தொழிலாகக் கொண்ட சிறு முகவர்களைத் தாண்டி, கே-மார்ட் போன்ற பெருங்கடைகளில் சரக்கை இறக்கினார். 1982-இல் 595 டாலரில் தொடங்கிய கமடோர் 64, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸுடன் நடந்த விலைப்போரில் அடுத்த ஆண்டே 200 டாலர் அளவுக்கு இறங்கியது. வாங்கியவர்களுக்கு அது கொண்டாட்டம். அந்த மாதிரியின் மொத்த விற்பனையை 1.25 கோடியிலிருந்து 1.7 கோடி வரை மதிப்பிடுகிறார்கள். பழைய விலையில் சரக்கெடுத்து வைத்திருந்த சிறு முகவர்கள் நஷ்டத்தில் நின்றார்கள். அந்தச் சின்னத்தின் மேல் வாடிக்கையாளருக்கு இருக்கும் பாசம் உண்மையானது, நான் அதை மதிக்கிறேன். ஆனால் கடைக்காரர் நினைவில் வைக்க வேண்டிய வரலாறு வாடிக்கையாளருடையது அல்ல.

முன்பதிவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்பெக்ட்ரம் வேகா+ என்ற கையடக்கக் கருவிக்காக 2016-இல் இண்டிகோகோ என்ற கூட்டுநிதித் தளத்தில் ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். கருவி தள்ளிப்போனது, தள்ளிப்போனது. 2018-இல் சிலருக்கு மட்டும் கிடைத்தது. ஸ்பெக்ட்ரம் பெயரின் உரிமையாளரான ஸ்கை உரிமத்தைத் திரும்பப் பெற்றது, 2019-இல் பணம் திரட்டிய நிறுவனம் கலைக்கப்பட்டது. சின்கிளேர் என்ற பெயர் இருந்ததால்தான் அத்தனை பேரும் யோசிக்காமல் பணம் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் உள்ளூர்க் கடை வழியாகக் கொடுத்திருந்தால், அந்தக் கடை என்னவாகியிருக்கும்?

சென்னையிலோ மதுரையிலோ இதே சரக்கு எடுபடுமா என்று கேட்பவர்களுக்கு: பெரும்பாலும் எடுபடாது. 1984-இல் தொடங்கிய ‘கிளாஸ்’ என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்தவை ஏக்கார்னின் பிபிசி மைக்ரோ கணினிகள். வீடுகளுக்கு வந்தவை, பெரும்பாலும் தொண்ணூறுகளில், நிண்டெண்டோவை நகலெடுத்த டிவி கேம்கள். கமடோர் சின்னத்தைக் கண்டு நெஞ்சு இளகும் தலைமுறை இங்கே உருவாகவே இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். சின்னம் அச்சடித்த சட்டை, கோப்பை, தொப்பி எதையும் காசு கொடுத்து எடுக்க வேண்டாம். விற்றால் காசு, விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று விநியோகஸ்தர் எழுத்தில் தந்தால் மட்டும் ஒரு கொக்கி ஒதுக்கலாம். அட்டாரி 2600+ எடுக்கலாம்: ஒன்றைப் பிரித்துத் தொலைக்காட்சியில் மாட்டி வாடிக்கையாளர் தொட வைத்துவிட்டு, பிரிக்காத பெட்டி இரண்டுக்கு மேல் வைக்காமல், விற்க விற்க வரவழைப்பது போதும். ஸ்பெக்ட்ரமை அக்டோபர் கடைசியில் எடுத்து டிசம்பருக்குள் முடிக்க வேண்டும். கமடோர் 64 அல்டிமேட்டை, கடைக்காரருக்கென்று தனி விலையும் பழுதுக்கு ஈடும் எழுத்தில் வரும்வரை, அலமாரியில் ஏற்றக் கூடாது. ஆனால் அதை நேரடியாக வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஒன்பது முனை ஜாய்ஸ்டிக், வேலை செய்யும் நாடா இயக்கி, சுத்தம் செய்த கேசட்டுகள் தேவைப்படும். அவற்றை இன்றிலிருந்தே வாங்கிச் சேர்க்கலாம். முன்பணம் எதற்காகவும், யாரிடமும் வாங்கக் கூடாது.