மானுக்கு ஒன்பது மடங்கு எதற்கு?

அமெரிக்காவில் லீவர் துப்பாக்கிக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது. 2020இல் மார்லின் நிறுவனத்தை வாங்கிய ரூகர், அதன் 336 ரகத்தை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2024இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1854 என்ற புதிய லீவர் துப்பாக்கியையே இறக்கியது. மரக்கட்டைக்குப் பதில் கறுப்புப் பாலிமர், மேலே நீளமான பிக்காட்டினி ரயில். ரயில் இருந்தால் அதில் எதையாவது மாட்டத்தானே தோன்றும்? பெரும்பாலும் மூன்று முதல் ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கும், நாற்பது மில்லிமீட்டர் முன்கண்ணாடி கொண்ட 3-9x40 ஸ்கோப் ஏறுகிறது. வேட்டை நெறியையே இதற்கு ஆதரவாகச் சொல்கிறார்கள்: தெளிவாகப் பார்த்துச் சுட்டால் மான் காயத்தோடு ஓடாது.

ஸ்கோப்பே கூடாது என்பதல்ல வாதம். ஐம்பது வயதைத் தாண்டிய கண்ணுக்குப் பின் சைட், முன் சைட், மான் மூன்றும் ஒருசேரத் தெளிவாகத் தெரியாது. பென்சில்வேனியாவில் சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை மான் வேட்டைக்கு அனுமதி உண்டு. அந்த மங்கலில் கண்ணாடி செய்யும் உதவியை இரும்பு சைட் செய்யாது. வின்செஸ்டர் 94இல் வெற்றுத் தோட்டா மேல்பக்கமாகத் தெறித்ததால் நடுவில் ஸ்கோப் வைக்க வழியில்லாமல் இருந்தது. அதுவும் 1980களில் தீர்ந்தது. 1948இல் வந்த மார்லின் 336க்கு அந்தச் சிக்கலே கிடையாது.

தூரத்தைப் பார்ப்போம். இந்தத் துப்பாக்கிகளில் வழக்கமான .30-30 தோட்டாவின் 150 கிரெய்ன் குண்டு நொடிக்குச் சுமார் 2,390 அடி வேகத்தில் கிளம்புகிறது. நூறு கெஜத்துக்குச் சரிசெய்த துப்பாக்கியில் அது இருநூறு கெஜத்தில் ஏறத்தாழ 8 அங்குலம் இறங்கிவிடும். ஹார்னடி நிறுவனத்தின் மென்முனைக் குண்டு சுடும் தூரத்தின் எல்லையைக் கொஞ்சம் நீட்டியது, அவ்வளவுதான். மெய்ன், மிச்சிகன் காடுகளில் வெண்வால் மான் பெரும்பாலும் நூறு கெஜத்துக்குள்தான் கண்ணில் படும். ஒன்பது மடங்கில் வைத்த ஸ்கோப் நூறு கெஜத்தில் சுமார் 14 அடி அகலம் காட்டும். முப்பது கெஜத்தில் அது நாலு அடிதான். மானின் உடலே கண்ணாடியை நிறைத்துவிடும். தெரிவது தோளா தொடையா என்று தேடுவதற்குள் மான் போய்விடும்.

“மூன்றில் வைத்துக்கொண்டு போகலாமே” என்பார்கள். உருப்பெருக்கத்தைக் குறைக்கலாம், ஸ்கோப்பின் உயரத்தை எப்படிக் குறைப்பது?

இந்த மோகத்தின் மன்னிக்க முடியாத குறை அந்த உயரம்தான். பழைய கார்பைனின் பின்கட்டை, குழலை ஒட்டிய இரும்பு சைட்டுக்காகத் தாழ்வாகச் செதுக்கப்பட்டது. தோளில் வைத்ததும் கன்னம் கட்டையில் படியும். கண் தானாகக் குறியின் பின்னால் வந்து நிற்கும். நாற்பது மில்லிமீட்டர் முன்கண்ணாடியின் வாய், குழலிலுள்ள பின் சைட்டில் இடிக்காமல் இருக்க, ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையம் உயரமாக இருக்க வேண்டும். வளையம் உயர்ந்தால் தலையும் உயர்கிறது. கன்னம் விலகி, தாடை மட்டும் கட்டையைத் தொடுகிறது. தலை நிலைகொள்ளாமல் கண்ணாடியில் கறுப்பு நிழல் பிறையாக ஏறி இறங்கும். குறி தவற இது ஒன்றே போதும். துல்லியத்துக்காக வாங்கிய பொருள் துல்லியத்தின் அடிப்படையையே பிடுங்கிவிடுகிறது.

கட்டைவிரலுக்கும் சோதனைதான். தோட்டா ஏற்றி ஹேமரை இறக்கி வைத்து நடக்கும்போது, அதைக் கட்டைவிரலால் இழுத்துத்தான் இந்தத் துப்பாக்கியைச் சுடத் தயார்ப்படுத்த வேண்டும். ஸ்கோப்பின் பின்முனை ஹேமரின்மேல் கவிந்து நிற்பதால், ஹேமரில் பக்கவாட்டில் ஒரு சொரசொரப்பான உலோகத் துண்டைச் சின்னத் திருகால் முடுக்குகிறார்கள். உறை போட்ட விரல் குளிரில் விறைத்திருக்கும்போது, ஏற்றிய ஹேமரைச் சுடாமல் மெல்ல இறக்க இந்தத் துண்டை நம்ப வேண்டியிருக்கிறது. அதில் விரல் வழுக்கினால் வெடிதான். மூன்று கிலோ கார்பைனைச் சமநிலை தவறாமல் ஒற்றைக் கையில், லீவருக்குச் சற்று முன்னால் பிடித்துக்கொண்டு நாளெல்லாம் நடக்கலாம் என்பதற்காகவே பலர் அதை வாங்கினார்கள். அந்தப் பிடி இருந்த இடத்தை இப்போது ஸ்கோப் அடைத்துக்கொண்டிருக்கிறது.

பெரிய கண்ணாடி அந்தியில் அதிக ஒளி தரும் என்ற வாதமும் கணக்கில் நிற்காது. நாற்பதை ஒன்பதால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் 4.4 மில்லிமீட்டர். 1.5-4x20 ஸ்கோப்பை நான்கில் வைத்தால் 5. பெரியதை நான்குக்கு இறக்கினால் 10 கிடைக்கும், உண்மை. ஆனால் இருட்டிலும் மனிதப் பாவை 7 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் விரியும். மிச்சம் வீண்.

அந்தச் சின்ன ஸ்கோப்பின் முன்கண்ணாடி ஓர் அங்குலக் குழாயைவிடப் பருமனில்லாததால் மிகத் தாழ்வான வளையத்திலேயே உட்காரும். நிலையான 2.5 மடங்கே போதும்: நூற்றைம்பது கெஜத்து மான் அறுபது கெஜத்தில் நிற்பதுபோலத் தெரியும். பட்டப்பகலில் மட்டும் வேட்டைக்குப் போகிறவருக்கு ரிசீவரில் திருகும், சிறு துளை வழியே பார்க்கும் பீப் சைட் இருக்கிறது. வயதான கண்ணும் அதில் முன் சைட்டை மட்டும் பார்த்தால் போதும், கன்னமும் கட்டையைவிட்டு அகலாது.